மூணு நோடு, ஒரு லேப்டாப், ஒரு லோடு உப்பு

இந்த எபிசோடை மரக்காணத்துல இருந்து பேசுறேன். ஈசிஆர்ல பாண்டிச்சேரி போறப்போ வெள்ளை வெளேர்னு உப்புக் குவியல் தெரியுமே, அந்த ஊர்தான். எங்க மாமா இங்க குத்தகைக்கு உப்பளம் எடுத்து நடத்துறார். லாரியில எத்தனை மூட்டை ஏறுச்சு, யார் ஏத்தினாங்க, யாருக்கு எவ்வளவு கூலி, எல்லாம் ஒரு நீள நோட்டுல இருக்கும்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி பக்கத்துல கரையைக் கடந்து, அடுத்த நாளும் நகராம நின்னு கொட்டுச்சு இல்லையா, அதுல அந்த நோட்டு ஊறிப் போச்சு. கூலி பாக்கியை ஆளாளுக்கு ஞாபகத்துல இருந்து சொல்ல, அதை வச்சுத்தான் மாமா கொடுத்தார். அப்பதான் நான் வாயைத் திறந்தேன். "மாமா, நான் ஒரு ஆப் பண்ணித் தரேன். ஒரு மெஷின் போனாலும் கணக்கு போகாது."

சொல்லிட்டேன். இப்போ அது உண்மையான்னு பார்க்கணும்ல?

நான் எடுத்தது காக்ரோச்டிபி. பேரே கரப்பான்பூச்சிதான், அவ்வளவு லேசுல சாகாதுன்னு வச்ச பேரு. சும்மா பழக 'காக்ரோச் டெமோ'ன்னு அடிச்சு நோடு மூணுன்னு கொடுத்தா போதும், கிளஸ்டர் ரெடி. (நோடுன்னா கிளஸ்டர்ல ஒரு சர்வர், மாமாவோட நோட்டு இல்ல.) ஆனா டெமோ எல்லாத்தையும் மெமரியில வைக்கும், வெளிய வந்தா டேட்டா காலி. நோடை நிஜமா கொன்னு பார்க்கணும்னா தனித்தனியா ஓட்டணும். 'ஸ்டார்ட்' கமாண்டை மூணு தடவை கொடுக்கணும். ஒவ்வொண்ணுக்கும் தனி ஃபோல்டர், தனி போர்ட்: 26257, 26258, 26259. பிரவுசர்ல பார்க்கிற பக்கத்துக்கு 8080, 8081, 8082. 'ஜாயின்' லிஸ்ட்ல மூணு முகவரியும் இருக்கணும். அதுக்கப்புறமும் கனெக்ட் ஆகலைன்னு நிறைய பேர் இங்கதான் தலையைப் பிச்சுக்கிறாங்க. மூணும் 'இனிட்'டுக்காகக் காத்துக்கிட்டு இருக்கும். ஏதாவது ஒரு நோடுக்கு, ஒரே ஒரு தடவை 'இனிட்' கொடுத்தா எழுந்துக்கும்.

டேட்டா மூணு பிரதியா இருக்கும். ஒரு விஷயம் எழுதணும்னா மூணுல ரெண்டு பேர் 'சரி' சொல்லணும், ராஃப்ட்னு ஒரு முறை. அதனால ஒண்ணு போனா தாங்கும், ரெண்டு போனா நின்னுடும். ரெண்டு போனாலும் தாங்கணும்னா 5 நோடு மட்டும் வச்சா பத்தாது, பிரதியையும் 5 ஆக்கணும்.

சரி, முதல் நோடைக் கொன்னேன். ஆப் செத்துப் போச்சு! பிரவுசர்ல 8081-ல போய்ப் பார்த்தா கிளஸ்டர் ஜம்முனு ஓடுது. என் ஆப்ல கனெக்‌ஷன் முகவரியா 26257 மட்டும் எழுதி வச்சிருந்தேன். எந்த நோடுகிட்ட வேணா பேசலாம், ஆனா நான் ஒருத்தர் வீட்டுக் கதவைத்தான் தட்டிட்டு இருந்தேன். இது போஸ்ட்கிரெஸ் மொழியிலதான் பேசும். அதனால உங்க டிரைவர் ஏத்துக்கிட்டா மூணு முகவரியையும் கமா போட்டு எழுதிடலாம். இல்லைன்னா நடுவுல எச்ஏபிராக்ஸி மாதிரி ஒண்ணு.

அடுத்ததுதான் என்னை உண்மையா பயமுறுத்துச்சு. நோடைக் கொன்னா ஆப்புக்கு உடனே எரர் வரும், ஏன்னா ஆபரேட்டிங் சிஸ்டம் கனெக்‌ஷனை மூடிடும். புயல்ல அப்படியா நடக்குது? கரண்ட் போகும், டவர் போகும், எதிர்ல இருந்து சத்தமே வராது. அதைப் பார்க்க 'கில் மைனஸ் ஸ்டாப்' கொடுத்து ஒரு நோடை உறைய வச்சேன். எரர் இல்ல, பதிலும் இல்ல, ஆப் அப்படியே உட்கார்ந்திருக்கு. நிஜ நெட்வொர்க் அறுந்தாக்கூட, லினக்ஸ் தன்னோட வழக்கமான செட்டிங்ல கால் மணி நேரம் வரைக்கும் விடாம திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். லாரிக்காரர் கால் மணி நேரம் நிப்பாரா? உறைஞ்ச சர்வர்கிட்ட டைம்-அவுட் எதிர்பார்க்க முடியாது, ஆப் பக்கத்துல வைக்கணும். 5 செகண்ட்னு வச்சேன். தாண்டினா அடுத்த நோடுல திரும்ப எழுது.

60 லோடு எழுத விட்டு, நடுநடுவுல நோடுகளை உறைய வச்சும் கொன்னும் ஓட்டினேன். எண்ணிப் பார்த்தா 61.

பக்கத்துல உட்கார்ந்திருந்த மாமா, "என்ன மாப்ள, உன் கம்ப்யூட்டரு ஒரு லோடுக்கு ரெண்டு தடவை எழுதுது?"ன்னார்.

நடந்தது இதுதான். லோடு பதிவாயிடுச்சு, 'பதிவாச்சு'ங்கிற பதில் மட்டும் வந்து சேரல. ஆப் ஆகலைன்னு நினைச்சுத் திரும்ப எழுதிடுச்சு. காக்ரோச்டிபியே சில நேரம் 40003-ன்னு ஒரு எரர் கொடுக்கும். எழுதினேனா இல்லையான்னு எனக்கே தெரியலங்கிறது அதுக்கு அர்த்தம்.

ஒரே மாதிரி ரெண்டு வரி இருந்தா ஒண்ணை அழிச்சிடலாமேன்னு தோணும். எனக்கும் தோணுச்சு. மாமா விடல. ஒரே அக்கா ஒரே நாள்ல அதே அளவு லோடு ரெண்டு தடவை ஏத்துறது இங்க தினமும் நடக்கிறதுதான். அழிச்சா அவங்க கூலி போகும். அழிக்காம விட்டா மாமாவுக்கு நஷ்டம், அதோட அடுத்த தடவை நிஜமான ரெண்டாவது லோடையும் சந்தேகப்படுவார்.

அதனால லோடை போன்ல பதியுற நொடியிலேயே போனே ஒரு தனி ஐடி போடுது. எத்தனை தடவை திரும்ப அனுப்பினாலும் அதே ஐடிதான். டேபிள்ல அதுதான் பிரைமரி கீ, ஏற்கனவே இருந்தா சும்மா விட்டுடுன்னு இன்செர்ட்ல சொல்லியாச்சு. திரும்ப ஓட்டினேன், 60. மறுபடியும் ஓட்டினேன், 60.

ஆனா மூணு நோடும் இன்னும் என் ஒரே லேப்டாப்லதான் இருக்கு. நேத்து சாயங்காலம் கரண்ட் போய், பேட்டரியும் தீர்ந்து, மூணும் ஒண்ணா படுத்துச்சு! மூணு ஊர்ல மூணு மெஷின் வச்சு ஓட்டணும், அது இனிமேதான்.

மாமா நோட்டை இன்னும் விடல. இப்போ பிளாஸ்டிக் கவர்ல போட்டு வச்சிருக்கார். நானும் விடச் சொல்லல. சரி மக்களே, அடுத்த வாரம் பார்ப்போம்.