பதினாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்

 

பெங்களூர் கண்டோன்மெண்டுக்குச் சோலையார்பேட்டையிலிருந்து இருப்புப்பாதை வந்தது 1864-ஆம் ஆண்டில். அவ்வழியே பிழைப்பு நாடி வந்தவர்கள் நம் முன்னோர். சென்னை இங்கிருந்து ஏறத்தாழ 360 கிலோமீட்டர். தந்தி கண்டு இரவு வண்டி ஏறினால் விடியலில் அங்குச் சேரலாம். உறவின் தூரத்தை ஓர் இரவால் அளந்த காலம் அது.

இன்று நம் பிள்ளைகளுள் பலர் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் வாழ்கின்றனர். அவ்வூர் எவ்வளவு தூரம்? சுவரில் தொங்கும் உலகப்படம் இதற்குச் சரியான விடை தராது. பள்ளிக்கூடத்து உலக உருண்டையில் இரு நகர்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். அது வடதுருவத்தின் அருகே செல்வதைக் காண்பீர்கள். அந்த நூலின் அளவே ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர்.

2021-ஆம் ஆண்டு சனவரியில் ஏர் இந்தியா விமானம் ஒன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து துருவ வழியாக எங்கும் இறங்காமல் தேவனஹள்ளியை அடைந்தது. ஜோயா அகர்வால் தலைமையில் அதனைச் செலுத்திய விமானிகள் அனைவரும் மகளிரே என்பது நமக்குப் பெருமை. 9-ஆம் தேதி இரவு கிளம்பிய அவ்விமானம் வந்து சேர்ந்ததோ 11-ஆம் தேதி அதிகாலையில்! இடைப்பட்ட 10-ஆம் தேதி எங்கே போயிற்று என்று சிறுவர் கேட்பர். குளிர்காலத்தில் நம் கடிகாரம் அவ்வூர்க் கடிகாரத்தினும் பதின்மூன்றரை மணி முந்தியது. கோடையில் பன்னிரண்டரை மணி. அங்கே இரவு எட்டரை என்றால் இங்கே மறுநாள் காலை பத்து மணி. அதனுடன் பயண நேரமான சுமார் 17 மணியைக் கூட்டினால் கணக்கு நேராகிவிடும்.

தூரம் மாறாது, நேரம் மாறும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் பெருங்காற்று உடன் வந்தால் பயணம் சுருங்கும், எதிர்த்தால் நீளும். நேர் விமானம் எந்நாளும் உண்டென்று நம்புவதற்கும் இல்லை. வழியில் வேறு விமானம் மாறுவோர் காத்திருக்கும் மணிகளையும் கூட்டிக்கொள்ள வேண்டும். வீட்டு வாயிலிலிருந்து வீட்டு வாயில்வரை கணக்கிட்டால், நேர் விமானத்திற்கே ஏறத்தாழ ஒரு முழு நாள் ஆகிவிடும். பயணச்சீட்டுக் கிடைக்கும் நேரம் வேறு.

இதனை நாம் ஏன் இவ்வளவு விரித்துரைக்கிறோம்? நம் காலனியில் முதியோர் தனித்திருக்கும் இல்லங்கள் உள்ளன. நள்ளிரவில் அவர்களுள் ஒருவருக்கு மாரடைப்பு நேர்ந்தால், எவ்வளவு அன்புடைய மகனாயினும் மறுநாளுக்கு முன் வந்து நிற்க இயலாது. அது பாசக் குறைவன்று, பூமியின் அளவு. அந்த முதல் நாளில் அண்டை வீட்டாரே மக்கள்.

ஆகவே இந்த ஆண்டுவிழாவில் ஒரு வேண்டுகோள். தெருவுக்கு இருவர் முன்வருவோம். தனித்திருக்கும் முதியோரின் மருத்துவர் பெயர், உண்ணும் மருந்து, பிள்ளைகளின் தொலைபேசி எண் ஆகியவற்றை அவர்கள் இசைவுடன் குறித்து வைப்போம். இரவில் அழைத்தால் எழுந்து செல்வோம். கடல் கடந்து வாழும் பிள்ளைகளே, நீங்களும் உங்கள் பெற்றோரின் அண்டை வீட்டார் எண்ணை இன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.