பாடம் நாலு, வாத்தியார் எத்தனை பேர்?

(பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த வாரத்தில், குடியிருப்புகளில் இரவுப் பாடசாலை நடத்தும் இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்.)



என்னைப் பேச அழைத்த தோழர் தொலைபேசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நம்ம தெருவுல பதினோரு பிள்ளைங்க பத்தாவது பாஸ் பண்ணியிருக்காங்க. பிளஸ் ஒன்ல எந்த குரூப் சேக்குறது? எல்லாருக்கும் நாலு பெரிய பாடம் தேவையா, இல்ல சுமை கம்மியா இருக்கிற எடமாப் பாத்து சேத்துவுட்ரலாமா?" உடனே பதில் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். சொல்ல முடியவில்லை. இதே கேள்விக்கு ஏற்கெனவே ஒருமுறை தப்பான பதில் சொன்னவன் நான். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் எனக்கு மற்றவர்கள் சொன்ன பதில்.

2009-இல் பத்தாம் வகுப்பில் 500-க்கு 371 எடுத்தேன். கணக்கில் 84. எங்கள் காலனியில் அந்த வருடம் அதுதான் அதிகம். அப்பா கொத்து வேலைக்குப் போகிறவர். அன்றைய கூலியை விட்டுவிட்டு, கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு என்னோடு பள்ளிக்கு வந்தார். தலைமையாசிரியருக்கு அப்பாவைவிடப் பத்து வயதாவது குறைவாக இருக்கும். "என்னப்பா, பையனுக்கு என்ன குரூப் வேணும்?" என்று ஒருமையில் கேட்டார். குரூப் என்றால் என்னவென்று அப்பாவுக்குத் தெரியாது. என்னைத் திரும்பிப் பார்த்தார். "கணக்கு இருக்கிற குரூப் சார்" என்றேன்.

"ஃபர்ஸ்ட் குரூப்ல நாலுமே கஷ்டமான பாடம்டா. வீட்ல சொல்லிக் குடுக்க ஆள் இருக்கா? டியூஷன் வெக்க முடியுமா? எதுக்கு இழுத்துப் போட்டுக்கிற? உங்களுக்குத்தான் ஸ்காலர்ஷிப், கோட்டா எல்லாம் இருக்கே. பாஸ் பண்ணாப் போதும்." பேசிக்கொண்டே விண்ணப்பத்தில் அவரே எழுதிவிட்டார். வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல். அப்பா கையெடுத்துக் கும்பிட்டு நன்றி சொன்னார். வீட்டுக்கு வரும் வழியில் எதிர்ப்பட்ட எல்லோரிடமும் "கணக்கு குரூப்பே குடுத்துட்டாரு" என்று சொல்லிக்கொண்டு வந்தார். கணக்குப்பதிவியலில் 'கணக்கு' இருக்கிறதல்லவா! நான் திருத்தவில்லை.

அதே நாளில் ஊர்த்தெருவிலிருந்து வந்த என் வகுப்புத் தோழன் 352 மதிப்பெண்ணுக்கு ஃபர்ஸ்ட் குரூப் வாங்கினான். அவன் அப்பாவோடு முன்னாள் ஊராட்சித் தலைவர் வந்திருந்தார். அவன் மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. அவனுக்கும் வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. ஆனால் அந்தக் கேள்வியை அவன் அப்பாவிடம் யாரும் கேட்கவில்லை.

கவனித்துப் பாருங்கள். எண்ணிக்கையில் எனக்கும் நாலு பாடம்தான், அவனுக்கும் நாலு பாடம்தான். மொழிப்பாடம் இரண்டையும் சேர்த்து ஆறு தேர்வு, 1200 மதிப்பெண். ஆனால் அவனுடைய நாலில் பொறியியல், மருத்துவம், வேளாண்மை, கணிதம், இயற்பியல், எல்லாவற்றுக்கும் வழி இருந்தது. வேண்டாம் என்றால் பி.ஏ. வரலாறுக்கும் வரலாம், பி.காம்.க்கும் வரலாம். என் நாலிலிருந்து அந்தப் பக்கம் போக வழி கிடையாது. நான் பொருளியல்தான் படித்தேன், அதில்தான் முனைவர் பட்ட ஆய்வும் செய்கிறேன். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஆனர்ஸ் பொருளியல் சேர வேண்டுமென்றால் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்திருக்க வேண்டும் என்பது, இங்கே பட்டப்படிப்பு முடித்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. எம்.ஏ. முதல் பருவத்தில் கணிதப் பொருளியல் தாள். பேராசிரியர் கரும்பலகையில் வகைக்கெழு எழுதிவிட்டு, "இதெல்லாம் பிளஸ் டூல படிச்சிருப்பீங்க" என்று அடுத்த வரிக்குப் போய்விட்டார். இருபத்தொரு வயதில் விடுதி அறையில் அரசுப் பாடநூல் கழகத்தின் பதினோராம் வகுப்புக் கணிதப் புத்தகத்தை ஒளித்து வைத்துப் படித்தவன் நான். வரலாறு படித்ததில் எனக்கு வருத்தம் இல்லை, அந்தப் பாடம் எனக்குக் கண் திறந்தது. ஆனால் அதை நான் தேர்ந்தெடுக்கவில்லை.

இந்த இடத்தில் அண்ணலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் அவர் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். தீண்டத்தகாதவருக்குச் சொல்லித்தர முடியாது என்று மறுத்துவிட்டார்கள், பாரசீகம் எடுத்தார். பிறகு தானாகவே சமஸ்கிருதம் கற்றுக்கொண்டார். அதே மனிதர், தடுக்க ஆளில்லாத கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு 1913-இல் போனபோது என்ன செய்தார் தெரியுமா? பொருளாதாரத்தில் மட்டும் 29 பாடங்கள், வரலாற்றில் 11, சமூகவியலில் 6. தத்துவம், மானுடவியல், அரசியல் அதற்கு மேல். சுமையைப் பற்றி நமக்கு அறிவுரை சொல்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பட்டியல்தான் நினைவுக்கு வரும்.

சரி, எண்ணிக்கைக்கு வருவோம். 2019-இல் தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறை ஓர் அரசாணை போட்டது. மேல்நிலை வகுப்பில் நாலு முதன்மைப் பாடங்களுக்குப் பதிலாக, விரும்பினால் மூன்று மட்டும் படிக்கலாம். 600 மதிப்பெண்ணுக்குப் பதில் 500. கணிதம், இயற்பியல், வேதியியல் மட்டும் எடுக்கலாம், அல்லது இயற்பியல், வேதியியல், உயிரியல் மட்டும் எடுக்கலாம். மாணவரின் சுமை குறையும் என்றார்கள். எதிர்ப்பு வந்தது, நடைமுறைக்கு வரும் முன்பே கைவிட்டார்கள்.

அந்த யோசனையைத் தவறென்று ஒரே வார்த்தையில் தள்ள எனக்கு விருப்பமில்லை. டாக்டராக வேண்டும் என்று முடிவு செய்துவிட்ட ஒரு மாணவிக்கு, கணக்கை விட்டுவிட்டு நீட் தேர்வுக்கு நேரம் ஒதுக்குவது லாபம்தான். ஆனால் யாரால் பதினைந்து வயதில் அப்படி முடிவு செய்ய முடியும்? தோற்றால் இன்னொரு வருடம் கட்டணம் கட்டிப் படிக்க வைக்கும் வீட்டுப் பிள்ளையால் முடியும். நம் தெருப் பிள்ளைக்கு அந்த நாலாவது பாடம்தான் இன்சூரன்ஸ். மருத்துவம் கிடைக்காவிட்டால் பொறியியல், அதுவும் இல்லாவிட்டால் பி.எஸ்சி. கணிதம் என்று அடுத்த வழிக்குப் போக அதுதான் உதவும்.

இங்கிலாந்தில் பதினாறு வயதுக்கு மேல் பெரும்பாலோர் மூன்றே பாடம்தானே படிக்கிறார்கள் என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். உண்மைதான். ஆனால் அங்கே பாடத்தைத் தனித்தனியாக எடுக்கலாம், கணிதத்தோடு வரலாறும் எடுக்கலாம். இங்கே குரூப் என்பது கட்டிவைத்த பொட்டலம். இலங்கையில் உயர்தரத்துக்கு மூன்று பாடம்தான். ஆனால் மலையகத் தோட்டப் பகுதிகளில் அறிவியல், கணிதப் பிரிவுக்கு ஆசிரியர் இருக்கும் பள்ளிகள் குறைவு. அதனால் நிறையப் பிள்ளைகள் கலைப்பிரிவுக்குப் போகிறார்கள். அங்கே பாடம் மூன்றாக இருப்பதால் அவர்களுக்கு என்ன லாபம்?

இப்போது நான் செய்த தப்புக்கு வருகிறேன்.

என் சித்தி மகள். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். அவளுக்குப் படம் வரைய வரும், தையல் நன்றாக வரும். பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவில் ஆடை வடிவமைப்பு இருந்தது, அதில் சேர்கிறேன் என்றாள். நான் விடவில்லை. எனக்கு நடந்தது அவளுக்கு நடக்கக் கூடாது என்று எனக்குள் ஒரு வெறி. சித்தியிடம் சண்டை போட்டு, தலைமையாசிரியரிடம் வாதாடி, ஃபர்ஸ்ட் குரூப்பில் சேர்த்துவிட்டுத்தான் ஊருக்குப் போனேன். வெற்றி பெற்ற மாதிரி இருந்தது. தீபாவளிக்கு வந்தபோது "எப்படிம்மா போகுது?" என்றேன். "போகுதுண்ணா" என்றாள். பொங்கலுக்கும் அதே பதில். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

ஜூன் மாதத்திலிருந்து அந்தப் பள்ளியில் இயற்பியலுக்கு ஆசிரியர் இல்லை. இருந்தவர் மாறுதலில் போய்விட்டார். பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் ஒருவரைப் போடுவதாகச் சொல்லி ஜனவரியில்தான் போட்டார்கள். அவரும் வேதியியல் படித்தவர். வசதி உள்ளவர்கள் டவுனில் டியூஷன் வைத்துக்கொண்டார்கள். இவள் புத்தகத்தை மனப்பாடம் செய்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலில் போய்விட்டது, துணைத்தேர்விலும் வரவில்லை. இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். என்னிடம் இதுவரை ஒரு சொல் கோபமாகப் பேசியதில்லை. சித்தி மட்டும் ஒருமுறை, "நீ ஒன் பாட்டுக்கு இருந்திருந்தா அவ இஷ்டப்பட்டதப் படிச்சிருப்பாப்பா" என்றார்.

நாலு பாடம் சேர்த்ததுதான் தப்பா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். இரண்டு தப்பு செய்தேன். அவளைக் கேட்காமல் முடிவு செய்தது முதல் தப்பு. என் தலைமையாசிரியர் எனக்குச் செய்ததைத்தான் நான் அவளுக்குச் செய்தேன், திசை மட்டும் வேறு. இரண்டாவது, எந்த குரூப் என்று வாதாடிய நான், அந்த குரூப்புக்கு வாத்தியார் இருக்கிறாரா என்று கேட்கவே இல்லை. அட்டவணையில் நாலு பாடம் இருந்தது. நடந்தது மூன்று.

பாடச் சுமையைக் குறைக்கிறோம் என்று யாராவது சொல்லும்போது எனக்குச் சந்தேகம் வருவது இதனால்தான். ஒரு பாடத்தை எடுத்துவிட்டால், அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்ற புகாரும் சேர்ந்து காணாமல் போய்விடும். இது புதிதில்லை. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தைக் குலக்கல்வித் திட்டம் என்று நாம் அறிவோம். பாதிநாள் பள்ளி, மீதிநேரம் அப்பன் தொழில். அதன் இன்னொரு பக்கத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, அதே கட்டடம், அதே ஆசிரியரை வைத்து இரண்டு வேளை வகுப்பு நடத்தலாம் என்ற செலவுக் கணக்கு அதில் இருந்தது. பெரியாரும் இயக்கங்களும் எதிர்த்தார்கள், 1954-இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. ஆசிரியரைப் போட வேண்டிய இடத்தில் படிப்பைக் குறைக்கிற புத்தி மட்டும் போகவில்லை.

ஆகவே, தோழர் கேட்ட கேள்விக்கு என் பதில் இது. பிள்ளைக்கு விருப்பம் இருந்தால் கணக்கு உள்ள நாலு பாடம். அறிவியல் பிடிக்காத பிள்ளை என்றால், வணிகவியலோடு வணிகக் கணிதம் இருக்கும் குரூப் பக்கத்துப் பள்ளியிலாவது இருக்கிறதா என்று பாருங்கள். தொழிற்கல்விதான் வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிற பிள்ளையைத் தடுக்காதீர்கள். ஆனால் அங்கிருந்து பொறியியலுக்குப் போக ஒரு சிறு விழுக்காடுதான் ஒதுக்கீடு என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். பாலிடெக்னிக் முடித்து நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரும் வழி இருக்கிறது, அதையும் சொல்லுங்கள். பிளஸ் டூ முடித்த பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவர்களும் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023-இல் அறிவித்தது. முன்பு அடைத்திருந்த வழி அது. ஆனால் அதற்கு இன்னொரு வருடமும் பணமும் வேண்டும், அதை மறைக்காதீர்கள்.

எதற்கும் முன்னால், சேர்க்கைக்குப் போகும்போது பள்ளியில் ஒவ்வொரு பாடத்துக்கும் முதுகலை ஆசிரியர் இருக்கிறாரா, பணியிடம் காலியா, எத்தனை மாதமாகக் காலி என்று கேளுங்கள். வாய்மொழியாகச் சொல்ல மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள், பத்து ரூபாய்தான். 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கையின்படி பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு இனி இல்லை. பிள்ளைகளுக்கு நிம்மதி, சரி. ஆனால் பதினோராம் வகுப்பு முழுக்க ஆசிரியர் இல்லாமல் ஓடினாலும் இனி எந்தத் தேர்வு முடிவும் அதைக் காட்டிக்கொடுக்காது. நாம்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று. பெற்றோரைத் தனியாக அனுப்பாதீர்கள். கூட ஒருவர் போங்கள். பேசக்கூடத் தேவையில்லை, பக்கத்தில் நின்றால் போதும், 'என்னப்பா' என்பது 'என்னங்க' ஆகிவிடும். நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

திங்கட்கிழமை சேர்க்கை என்கிறார்கள். பதினோரு பிள்ளைகள், இரண்டு பள்ளிகள். யார் யாரோடு போவது என்று இங்கேயே எழுதிக்கொள்வோம். விரும்புகிற பிள்ளைகளுக்கு சனி, ஞாயிறு இரவு கணக்கு நான் எடுக்கிறேன், பொருளியலும் எடுக்கிறேன். தாவரவியல் படித்த தோழர் ஒருவர் பின்வரிசையில் இருக்கிறார், அவரை நான் பார்த்துவிட்டேன். இயற்பியலுக்குத்தான் ஆள் இல்லை. உங்களில் யாராவது பி.எஸ்சி. இயற்பியல் முடித்திருந்தால், கூட்டம் முடிந்ததும் போய்விடாமல் கொஞ்சம் இருங்கள்.