கை தெரியட்டும், முகம் மறையட்டும்

(தவக்காலத் தொடக்கத்தில் வானொலியில் ஒலிபரப்பான அருளுரை)



திருநீற்றுப் புதன் அன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வீடு திரும்பினோம். அன்று வாசிக்கப்பட்ட நற்செய்தி, மத்தேயு 6-ஆம் அதிகாரம். தருமம், செபம், நோன்பு ஆகிய மூன்றையும் பற்றி ஆண்டவர் அங்கே பேசுகிறார். மூன்றுக்கும் அவர் வைக்கும் நிபந்தனை ஒன்றுதான்: ஊர் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்யாதே. தருமத்தைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவர் நம் கைகளைச் சுட்டிக்காட்டுகிறார். ஒரு கை கொடுப்பது பக்கத்தில் இருக்கும் இன்னொரு கைக்குக்கூடத் தெரிய வேண்டாம் என்கிறார்.

இந்த வாசகத்தைக் கேட்கும்போதெல்லாம், தாம்பரத்தில் வளர்ந்த எங்களுக்கு ஒரு கை நினைவுக்கு வரும். சிரிக்காதீர்கள். அது ஒரு காமிக்ஸ் புத்தகத்தில் வந்த இரும்புக் கை.

எண்பதுகளில் சிறுவர்களாக இருந்த நேயர்களுக்கு இதற்குமேல் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து சௌந்திரபாண்டியன் அவர்கள் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழின் பெயர் ‘இரும்புக்கை மாயாவி’. இங்கிலாந்தில் 1962-இல் ‘வேலியண்ட்’ என்ற வார இதழில் தொடங்கிய படக்கதை அது. படம் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர். ஆனால் தமிழ்ச் சிறுவர்களுக்கு மாயாவி நம்மூர்க்காரர் மாதிரிதான். 1984-இல் லயன் காமிக்ஸ் வந்தது, ராணி காமிக்ஸ் வந்தது. சூப்பர்மேனும் பேட்மேனும் யாரென்று தெரியும் முன்பே எங்களுக்கு மாயாவியையும் ஸ்பைடரையும் தெரியும்.

நாங்கள் ஆறு பேர். புத்தகம் ஒன்று. பழைய பேப்பர் கடையில் பேரம் பேசி வாங்கியது. அட்டை இருக்காது, கடைசிப் பக்கம் இருக்காது. முடிவை நாங்களே கட்டிக்கொள்வோம், அதற்காகச் சண்டை போடுவோம். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் மறைக்கல்விப் புத்தகத்துக்குள் மாயாவியை வைத்துப் படித்து, ஒருநாள் சிஸ்டரிடம் பிடிபட்டோம். புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஞாயிறு தயங்கித் தயங்கிக் கேட்டபோது, திருப்பிக் கொடுத்துவிட்டு, “இதோட அடுத்த பாகம் இருக்காடா?” என்று கேட்டார்.

கதை இதுதான். மாயாவியின் இயற்பெயர் லூயிஸ் கிராண்டேல். ஆய்வுக்கூட உதவியாளர். ஒரு விபத்தில் வலக்கையை இழந்தவருக்கு இரும்பில் கை பொருத்துகிறார்கள். பிறகு உயர் அழுத்த மின்சாரம் அவர் உடலில் பாய்கிறது. சாக வேண்டியவர் சாகவில்லை, மறைந்துபோகிறார். சட்டை, தலை, கால் எதுவும் தெரியாது. அந்த இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். சற்று நேரம் கழித்து உருவம் திரும்பிவிடும். மறுபடி மறைய வேண்டுமானால் மறுபடி மின்சாரத்தில் கை வைக்க வேண்டும். வீட்டு பிளக் பாயிண்டைப் பார்த்து எங்களுக்குக் கை துறுதுறுத்ததும், அதற்காக அம்மாக்களிடம் அடி வாங்கியதும் உண்டு. குழந்தைகள் கேட்டுக்கொண்டிருந்தால், தயவுசெய்து அந்த வேலை வேண்டாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. இங்கிலாந்தில் வந்த முதல் கதையில் மாயாவி நல்லவர் அல்ல. யாருக்கும் தெரியாமல் மறையும் சக்தி கிடைத்ததும், அந்தக் கை முதலில் திருடத்தான் நீண்டது. பிறகுதான் மனம் மாறி, நிழற்படையில் சேர்ந்து, தீயவர்களை எதிர்த்தார். ஸ்பைடரும் அப்படியே. குற்றவாளிகளுக்கெல்லாம் அரசனாக வேண்டும் என்று கிளம்பியவர், பின்னால் குற்றவாளிகளைப் பிடிக்கிறவர் ஆனார். தமிழ் வாசகர்கள் உயிராக நேசித்த இரண்டு நாயகர்களும் பிறவியிலேயே நல்லவர்கள் இல்லை, திருந்தியவர்கள்.

இதைக் கேட்டால் நமக்குச் சக்கேயு நினைவுக்கு வர வேண்டும். வரி என்ற பெயரில் வாங்கி வாங்கிப் பழகிய கை, ஆண்டவர் வீட்டுக்கு வந்த அன்றைக்கே நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுக்க நீண்டது. புனித பவுலும் எபேசியருக்கு எழுதும்போது, திருடியவன் திருட்டை விட்டால் மட்டும் போதும் என்று நிறுத்தவில்லை. அதே கையால் உழைத்து, இல்லாதவருக்குக் கொடுக்கட்டும் என்கிறார். எடுத்த கையேதான் கொடுக்கும் கையாக மாற வேண்டும்.

இன்று எங்கள் ஆறு பேருக்கும் தலை நரைத்துவிட்டது. சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போனால், எங்களைப் போன்ற நரைத்த தலைகள் காமிக்ஸ் அரங்கில் குவிந்திருப்பதைப் பார்க்கலாம். ஏன் இந்தப் பிடிப்பு என்று நாங்களே பேசிக்கொள்வதுண்டு. சிறுவயதில், யார் கண்ணிலும் படாமல் எங்கும் நுழையலாமே என்ற ஆசை. இப்போது வேறு ஒன்று பிடிக்கிறது. மாயாவி வேலை செய்யும்போது முகம் தெரியாது, கை மட்டும்தான் தெரியும். காப்பாற்றப்பட்டவர் காப்பாற்றிய முகத்தைப் பார்ப்பதில்லை.

அப்படிப்பட்ட கைகள் நம் ஊரிலேயே உண்டு. தாம்பரத்துக்கு அடுத்த ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்றுதானே பெயர்? 1928-இல் டாக்டர் சவரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனை அது. பிறகு அரசிடம் வந்தது. தொண்ணூறுகளில் எய்ட்ஸ் நோய் என்றாலே பல இடங்களில் கதவைச் சாத்தினார்கள். சொந்த வீட்டாரே தட்டைத் தனியாக வைத்தார்கள். அப்போது அந்த நோயாளிகளை உள்ளே எடுத்துப் படுக்க வைத்தது இந்த மருத்துவமனைதான். அங்கே வேலை செய்தவர்களின் முகம் பாதி துணிக்குப் பின்னால் மறைந்திருக்கும். படுத்திருப்பவருக்கு நன்றாகத் தெரிவது, காய்ச்சல் பார்க்கவும் வாயில் கஞ்சி ஊட்டவும் வருகிற கை ஒன்றுதான். அந்தச் செவிலியர்களின் பெயரை யாரும் கல்வெட்டில் பொறிக்கவில்லை. நாமும் அந்த ரயிலில் தினமும் அவர்களைக் கடந்துதான் வேலைக்குப் போய் வந்தோம்.

2015 டிசம்பரில் பெய்த மழையை மறந்திருக்க மாட்டீர்கள். ஏரிகள் நிரம்பி, அடையாறு பெருகி, முடிச்சூரும் வரதராஜபுரமும் தண்ணீரில் நின்றன. மேல்மாடிகளில் மக்கள் காத்திருந்தார்கள். மின்சாரம் இல்லை, செல்போன் இல்லை. மின்சாரமே இல்லாத இரவில் மாயாவி வந்திருந்தாலும் மறைந்திருக்க முடியாது. ஆனால் வேறு மாயாவிகள் வந்தார்கள். கடற்கரைக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் படகோடு வந்தார்கள். தெருவில் படகு நின்றது. டார்ச் வெளிச்சத்தில் மொட்டைமாடிச் சுவரைத் தாண்டி ஒரு கை நீளும். அதில் பால் பாக்கெட் இருக்கும், சில நேரம் ஒரு குழந்தையை வாங்கிக்கொள்ள வெறுங்கையாக இருக்கும். கொடுத்தவர் எந்த ஊர், எந்த மதம், யார் பெற்ற பிள்ளை? கேட்க நேரமில்லை. படகு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. எங்களில் இருவர் அன்று அந்த மாடியில் இருந்தோம். அந்தக் கையைப் பார்த்தோம். முகத்தை இன்றுவரை அறியோம்.

இப்போது சொல்லப்போவதைச் சொல்ல எங்களுக்குக் கூச்சம்தான். ஆனாலும் தவக்காலத்தில் சொல்லாமல் எப்போது சொல்வது?

தண்ணீர் வடிந்த பிறகு நாங்களும் உதவிக் குழு அமைத்தோம். வீட்டுக்கு ஐந்து கிலோ அரிசி, பருப்பு, ஒரு போர்வை. நல்ல காரியம்தான். கொடுக்கும்போது படம் எடுத்தோம். பணம் தந்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டாமா என்று காரணமும் சொல்லிக்கொண்டோம். படங்களைப் பெரிதாக அச்சடித்து, எல்லாரும் வந்துபோகும் இடத்தில் பலகையில் ஒட்டினோம். ஒரு படத்தில் நாங்கள் நால்வர் சிரித்துக்கொண்டு நிற்கிறோம். நடுவில் ஒரு பெரியவர், தச்சு வேலை செய்து மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவர், இரண்டு கையையும் நீட்டிப் பையை வாங்குகிறார். அவர் கேமராவைப் பார்க்கவில்லை, தரையைப் பார்க்கிறார். அன்று அது எங்கள் கண்ணில் படவில்லை.

இரண்டு நாள் கழித்து அவருடைய பேரன் வந்தான். மறைக்கல்வி வகுப்புப் பையன், பத்து வயதிருக்கும். கையில் அதே பை. அரிசி குறைந்திருந்தது. குறைந்த அளவுக்குக் காசை ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டு வந்திருந்தான். “தாத்தா இதக் குடுத்துட்டு வரச் சொன்னாரு. அந்தப் போட்டோவ மட்டும் எடுத்துடுவீங்களாம்” என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை. பள்ளியில் கூடப் படிக்கும் பிள்ளைகள் பலகையைப் பார்த்துவிட்டு அவனைக் கேலி செய்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அன்று மாலையே படங்களைக் கழற்றினோம். பெரியவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். “அதெல்லாம் ஒண்ணுமில்ல, உக்காருங்க தம்பி” என்றார். டீ போட்டுக் கொடுத்தார். சுவரில் வெள்ளம் நின்ற கோடு அப்படியே இருந்தது. அந்தப் பையை மட்டும் கடைசிவரை அவர் மறுபடி வாங்கிக்கொள்ளவில்லை.

நேயர்களே, நாங்கள் கொடுத்தது ஐந்து கிலோ அரிசி. எடுத்துக்கொண்டது ஒரு மனிதர் வாழ்நாள் முழுவதும் உழைத்துச் சேர்த்த மரியாதை. மாயாவியை இத்தனை ஆண்டு ரசித்த நாங்கள், அவர் செய்ததை நேர்மாறாகச் செய்துவிட்டோம். அவர் கையைக் காட்டி முகத்தை மறைத்தார். நாங்கள் எங்கள் முகத்தைக் காட்டுவதற்காக ஒருவரின் ஏந்திய கையை ஊருக்குக் காட்டினோம். மறைவாகக் கொடு என்று ஆண்டவர் சொன்னது நம் ஆன்மாவைக் காப்பாற்ற மட்டும் அல்ல, வாங்குகிறவரின் மானத்தைக் காப்பாற்றவும்தான் என்பதை அந்தப் பத்து வயதுப் பிள்ளை எங்களுக்குப் படிப்பித்தான்.

நம் ஆண்டவரும் காட்சி காட்டுகிறவராக வரவில்லை. பாலைவனத்தில் அலகை அவரைக் கோவில் உச்சியிலிருந்து குதிக்கச் சொன்னது. குதித்திருந்தால் எருசலேம் முழுவதும் அவருக்கு ரசிகர்களாகியிருக்கும். அவர் குதிக்கவில்லை. சிலுவையிலிருந்து இறங்கிக் காட்டு, நம்புகிறோம் என்றார்கள். அவர் இறங்கவில்லை. ஆனால் உயிர்த்த பிறகு ஒன்றைக் காட்டினார். எதைக் காட்டினார்? கைகளை. ஆணித் தழும்பு உள்ள கைகளை. தோமையார் கேட்டது அதைத்தான். அந்தக் கைகளைப் பார்த்ததும் ஆண்டவர் யாரென்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அந்தத் தோமையார் நமக்கு அந்நியர் இல்லை. நம் மின்சார ரயிலில் ஏறினால் பரங்கிமலை நிலையம் வருகிறது. அங்கிருந்து சற்றுத் தள்ளிச் சின்னமலை. அங்கே குகையில், புனித தோமையாரின் கைத்தடம் என்று மரபாகக் காட்டப்படும் ஒரு தடம் பாறையில் இருக்கிறது. எத்தனையோ தலைமுறை அதைத் தொட்டு வேண்டியிருக்கிறது. அவர் முகம் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. மக்கள் தேடிப்போய்த் தொடுவது கையின் தடத்தை.

ஆகவே இந்தத் தவக்காலத்துக்கு ஒரு சிறு வேலை. ஒவ்வொரு வாரமும் ஒரு உதவி, பெயர் சொல்லாமல். பள்ளிக் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைக்கா? அலுவலகத்தில் கட்டிவிட்டு வந்துவிடுங்கள். மருந்துக் கடையில் பாக்கி வைத்திருக்கும் பாட்டிக்கா? கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, பெயரைச் சொல்ல வேண்டாம் என்று சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து மனைவியிடமோ கணவரிடமோகூடச் சொல்லாமல் இருந்து பாருங்கள். கொடுப்பதைவிடச் சொல்லாமல் இருப்பது கடினம் என்று அப்போது தெரியும். அந்தக் கடினம்தான் உண்மையான நோன்பு. கணக்கு வேண்டிய இடத்தில் கணக்குக் கொடுங்கள், அது நேர்மை. ஆனால் கணக்குக்குத் தொகை போதும், வாங்கியவரின் முகம் வேண்டாம்.

வீட்டில் பிள்ளைகள் காமிக்ஸ் படித்தால் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, “இவர் யாருக்கு உதவி செய்றார்? யாருக்காவது தெரியுமா?” என்று கேளுங்கள். பிள்ளைகள் சரியாகச் சொல்வார்கள்.

மன்றாடுவோம். மறைவாய் உள்ளதைக் காணும் தந்தையே, எடுத்துப் பழகிய எங்கள் கைகளைக் கொடுக்கும் கைகளாக மாற்றும். எங்கள் உதவியால் யாரும் தலைகுனியாதபடி காத்தருளும். பெயர் தெரியாமல் எங்களைக் கரைசேர்த்த எல்லாக் கைகளையும் ஆசீர்வதியும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.