நான் வெட்டிய ஒரு மதிப்பெண்

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் சமூக அறிவியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



எரிமலை படம் வரையச் சொன்னால் நாம் எல்லோரும் எதை வரைவோம்? ஒரு முக்கோணம், உச்சியில் ஓட்டை, மேலே புகை, பக்கவாட்டில் சிவப்புக் கோடுகள். பல ஆண்டுகளாக நானும் கரும்பலகையில் அதைத்தான் வரைந்து வந்தேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி, கவிழ்த்து வைத்த தாம்பாளம் போல ஒரு மேட்டை வரைந்து 'எரிமலை' என்று எழுதியிருந்தாள். 'மலையாகவே தெரியவில்லை' என்று சிவப்பு மையில் எழுதி ஒரு மதிப்பெண்ணை வெட்டினேன்.

பிறகு ஒரு கோடை விடுமுறையில், துறையின் முன் அனுமதி பெற்று, அமெரிக்காவில் வசிக்கும் தங்கை குடும்பத்தோடு ஹவாய்த் தீவுக்குச் சென்றேன். அங்கே 1916இல் தொடங்கப்பட்ட எரிமலைகள் தேசியப் பூங்கா இருக்கிறது. கிலாவியா, மௌனா லோவா என்ற இரண்டு உயிருள்ள எரிமலைகள் அதற்குள் அடங்கும். கார் போய்க்கொண்டே இருந்தது. "எரிமலை எங்கேம்மா?" என்று கேட்டேன். தங்கை சிரித்தாள். "அக்கா, அதுமேலதான் போயிட்டிருக்கோம்" என்றாள். கடல் மட்டத்திலிருந்து 4,169 மீட்டர் உயரமுள்ள மௌனா லோவா, அடிவானத்தில் தாம்பாளத்தைக் கவிழ்த்ததுபோல் கிடந்தது. அந்த மாணவி வரைந்த அதே கோடு!

காரணத்தை நம் சமையலறையிலிருந்தே சொல்லலாம். இளம்பாகைத் தட்டில் ஊற்றினால் ஓடிப் பரவும். கெட்டிப்பாகு விழுந்த இடத்திலேயே குவியும். ஹவாயின் பசால்ட் குழம்பில் சிலிக்கா குறைவு. அது இளகி ஓடி, அடுக்கடுக்காகப் பரவி, கேடய எரிமலையாகிறது. சிலிக்கா மிகுந்த கெட்டிக் குழம்பு வாயுவை எளிதில் வெளியேற விடாது. அதனால் வெடிக்கிறது, செங்குத்தாகக் குவிகிறது. பாடநூலில் 'கேடய எரிமலை' என்ற சொல் இருக்கத்தான் செய்கிறது. நான்தான் ஒரு வரியில் கடந்து போயிருக்கிறேன்.

கிலாவியா இக்கி என்ற பள்ளத்தில் இறங்கி நடந்தோம். 1959இல் அங்கே குழம்பு 580 மீட்டர் உயரம் வரை பீறிட்டது. அன்று நெருப்பு ஏரியாக இருந்த இடம் இன்று கருந்தரை. அதன் விரிசல்களில் ஓஹியா என்ற மரக்கன்றுகள் சிவப்புப் பூவோடு நிற்கின்றன. பரந்து ஓடுவதால் இந்த மலை சாது என்று எண்ணிவிடக் கூடாது. 1924இல் கிலாவியா வெடித்திருக்கிறது. 2018இல் பூங்காவுக்கு வெளியே ஓடிய குழம்பு ஏறத்தாழ 700 வீடுகளை விழுங்கியது.

வகுப்பில் காட்டலாம் என்று ஒரு சிறு கல்லை எடுத்துப் பைக்குள் போட்டேன். "இங்க கல் எடுக்கக் கூடாது பெரியம்மா" என்றான் தங்கை மகன். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். கல் இல்லாவிட்டால் என்ன? இரண்டு கிண்ணம் வெல்லப்பாகு போதும். நம் நாட்டிலேயே அந்தமானில் பாரன் தீவு எரிமலை இருக்கிறது. அதன் படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொல்லலாம்.

பள்ளி திறந்ததும் அந்த மாணவியைத் தேடிப் போனேன். அவள் அப்போது பதினோராம் வகுப்பு. "நீ வரைஞ்சதுதாம்மா சரி. நான்தான் தப்பா திருத்திட்டேன்" என்றேன்.

"தெரியும் டீச்சர். புக்குல கேடயம்னு இருந்துச்சு, அதான் அப்படி வரைஞ்சேன்" என்றாள்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க சிவப்பு மையில போட்டுட்டீங்களே டீச்சர்."

நண்பர்களே, அந்தப் பதில்தான் இன்றும் என்னை உறுத்துகிறது. தவறாக வெட்டிய ஒரு மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கேட்கத் தயங்கி அவள் மௌனமாக இருந்த இரண்டு ஆண்டுகளை எப்படித் திருப்பிக் கொடுப்பது? இப்போதெல்லாம் ஒரு விடை வித்தியாசமாக இருந்தால், பேனாவைத் திறக்கும் முன் அந்தக் குழந்தையை அழைத்து, "ஏன் இப்படி எழுதினாய்?" என்று கேட்கிறேன். நீங்களும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.