செய்தியை யார் எடுத்து வைப்பது?



அச்சுப் பத்திரிகை அழிகிறதே என்று பலரும் வருந்துகிறார்கள். எனக்கு அந்த வருத்தம் முழுதாக வரவில்லை. நான் சிறுவனாக இருந்தபோது டீக்கடை பெஞ்சில் பேப்பர் கிடக்கும். நம் ஆட்கள் ஒதுங்கி நின்றுதான் டீ குடிப்பார்கள். பெஞ்சில் இருப்பவர் சத்தமாக வாசித்தால்தான் நமக்குச் செய்தி. இன்று பழனிசெட்டிபட்டியில் கூலி வேலைக்குப் போகிற பெண்ணின் கையிலும் செல்போன் இருக்கிறது. செய்தி படிக்க யாருடைய பெஞ்சும் வேண்டியதில்லை.

பெரிய பத்திரிகைகள் நமக்கு எப்போது இடம் தந்தன? 1920இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தைப் போட மறுத்தது திலகர் தொடங்கிய 'கேசரி'. அதற்கும் முன்பே, 1893இல், இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' நடத்தினார். 1907 ஜூன் 19இல் அயோத்திதாசர் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வெளியிட்டார். 2021இல் மீனா கோட்வால் அதே 'மூக்நாயக்' பெயரில் இணையத்தில் செய்தித்தளம் தொடங்கினார். தாளும் அச்சகமும் இல்லாமல் அது முடிந்தது. இது நமக்கு லாபம்தான்.

ஆனால் ஒரு பயம் இருக்கிறது. அயோத்திதாசர் மறைந்தது 1914இல். 'தமிழன்' எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டையிலிருந்து நூலாக வந்தது 1999இல். இடைப்பட்ட 85 ஆண்டுகள் அவை பிழைத்தது எப்படி? அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைத் தேடிப் பாதுகாத்தார்கள். தாள் மஞ்சளாகியும் எழுத்து இருந்தது.

இணையச் செய்தி அப்படி இருக்குமா? ஆண்டுக் கட்டணம் கட்டாவிட்டால் தளமே போய்விடும். புகார் கொடுத்தால் வீடியோவை நீக்கிவிடுவார்கள். வன்கொடுமை வழக்கு பல ஆண்டு இழுத்து விசாரணைக்கு வரும்போது, அன்றைய செய்தியின் இணைப்பு திறக்காது. 'அப்படி ஒன்று நடக்கவே இல்லை' என்று சொல்ல அவர்களுக்கு அது போதும்.

அதனால் மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நம் மக்களைப் பற்றிய செய்தி வந்தால், பகிர்வதோடு நிறுத்தாதீர்கள். வேபேக் மெஷினில் சேமியுங்கள். தேதியும் இணைய முகவரியும் தெரியும்படி அச்செடுத்து ஊர்ப் படிப்பகத்தில் ஒரு பிரதி வையுங்கள்.

நம் செய்தியை நாமே எழுதினோம். எடுத்து வைப்பதும் நம் வேலைதான்.

ஜெய்பீம்.