பாட்டில் மேலங்கியான கதை

(நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



2023 பிப்ரவரியில் பிரதமர் நீல மேலங்கி அணிந்து நாடாளுமன்றத்துக்கு வந்தார். வீசியெறிந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி நூலாக்கித் தைத்ததாம். பத்திரிகைகள் படம் போட்டன. நல்ல காரியந்தான். ஆனால் இப்படிப்பட்ட பாட்டில்களைப் பொறுக்குவது யார்? ரயில்வே குமாஸ்தாக்களான நாங்கள் தினம் பார்க்கிறோம். வண்டி போனதும் சாக்குப்பையோடு தண்டவாளத்தில் இறங்குகிறார்களே, அவர்கள்தான்.

அந்தச் சாக்குகள் நம் தாராவியின் 13-ஆம் காம்பவுண்டுக்கு வருகின்றன. அங்கே உட்கார்ந்து தரம் பிரிக்கும் தாய்மார்களுக்கு இயந்திரம் எது? கண்ணும் காதும் மூக்குந்தான். வளைத்துப் பார்ப்பார்கள், தட்டிக் கேட்பார்கள், ஓரத்தைக் கொளுத்தி முகர்வார்கள். (அந்தப் புகைதான் நெஞ்சையும் அரிக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.) தொட்டித் தண்ணீரில் போட்டால் வாளி பிளாஸ்டிக் மிதக்கும், தண்ணீர் பாட்டில் மூழ்கும். பாட்டில் குவியலில் கொஞ்சம் பி.வி.சி. கலந்தாலும் உருக்கியது கெட்டுவிடும். இந்த வித்தைக்கு எந்தக் கல்லூரியும் பட்டம் தரவில்லை.

பிறகு அரைத்து, கழுவி, கூரையில் காயவைத்து, உருக்கிக் குருணையாக்கி, கிலோக் கணக்கில் விற்றுவிடுகிறோம். உருவமும் பெயரும் லாபமும் வேறிடத்தில் சேர்கின்றன. பொருளையும் நாமே செய்தால் என்ன?

பாட்டிலை வெட்டிப் பூச்சாடி செய்வதைச் சொல்லவில்லை. அது நாலு நாளில் மறுபடியும் குப்பை. வாளி, முக்காலி, செடித்தொட்டி போல வீட்டுக்கு உதவுவதாக இருக்கட்டும். ஒரே வகைப் பிளாஸ்டிக்கில், இரும்பும் பசையும் சேராமல் செய்தால், உடைந்த பின்பும் உருக்கலாம். எங்கிருந்தோ வந்த பிளாஸ்டிக்கில் சோற்றுத் தட்டு மட்டும் வேண்டாம். சிப்ஸ் பாக்கெட்டைப் பாருங்கள்: பிளாஸ்டிக்கும் அலுமினியமும் படலம் படலமாக ஒட்டிக் கிடக்கின்றன. எந்தக் கை அதைப் பிரிக்கும்? அதை வடிவமைத்தவர் ஒரு நாள் நம் தாய்மார்களோடு உட்கார்ந்திருக்க வேண்டும்.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன், எந்த வியாபாரியும் வாங்காத மெல்லிய பையைத் துண்டாக்கி, சூடான ஜல்லிமீது பூசி, தாரோடு சேர்த்துச் சாலை போட்டுக் காட்டினார். 2018-இல் பத்மஸ்ரீ தந்தார்கள். கழிவைக் கழிவென்று ஒதுக்காமல் அதன் குணத்தைப் படித்தார் அவர். நம் தாய்மார்களும் படித்தவர்களே.

தாராவியைப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். வீடு கேட்கிறோம், கேட்போம். கூடவே அரவை இயந்திரத்துக்குத் தரைத்தளம், தண்ணீர், வடிகால், புகைபோக்கி, அச்சு செய்யக் கடன் ஆகியவற்றையும் மனுவில் எழுதுவோம். அடுத்த ஞாயிறு ஆளுக்கொரு உடைந்த பொருளோடு வாருங்கள். லேத் பட்டறைப் பிள்ளைகளும் வரட்டும். எது எதுவாகும் என்று தாய்மார்கள் சொல்வார்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.