பூட்டிய கதவும் போட்டி வியாபாரமும்

(உணவுப் பண்ட ஆலைத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பாதுகாப்புக்குப் பணம் செலவிட்டால் சரக்கின் விலை ஏறும், விலை ஏறினால் போட்டியில் நிற்க முடியாது, பிறகு ஆலையை மூடவேண்டியதுதான் என்று முதலாளிகள் நம்மிடம் ஓயாமல் சொல்லி வருகிறார்கள். இது உண்மைதானா? நடந்த சம்பவத்தை வைத்தே பார்ப்போம்.

அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்தில், ஹாம்லெட் என்று ஒரு சிற்றூர். அங்கே இம்பீரியல் ஃபுட் புராடக்ட்ஸ் என்ற கம்பெனி கோழி இறைச்சியைப் பொரித்து ஓட்டல்களுக்கு அனுப்பி வந்தது. 1991 செப்டம்பர் 3, அந்நாட்டு உழைப்பாளர் தின விடுமுறைக்கு மறுநாள். காலை ஷிப்ட் நடந்துகொண்டிருந்தது. பொரிக்கும் கொப்பரைக்கு அருகில், எந்திரத்தை இயக்கும் எண்ணெய்க் குழாய் ஒன்று பிய்த்துக்கொண்டது. பீறிட்ட எண்ணெய் கொப்பரையின் கேஸ் அடுப்பில் பட்டுத் தீப்பிடித்தது. சில நிமிஷங்களில் எங்கும் கரும்புகை.

தொழிலாளர்கள் கதவுகளை நோக்கி ஓடினார்கள். கதவுகள் பூட்டிக் கிடந்தன! கோழித் துண்டைத் தொழிலாளி திருடிவிடுவான் என்று நிர்வாகம் போட்ட பூட்டு அது. 25 பேர் மாண்டனர். அவர்களில் 18 பேர் பெண்கள். ஐம்பதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். தீயணைக்க நீர் தெளிக்கும் குழாய்கள் அங்கே இல்லை. தட்டிக் கேட்கச் சங்கமும் இல்லை.

இறைச்சியைச் சோதிக்க அரசாங்க இன்ஸ்பெக்டர் தினசரி வந்தார். தொழிலாளியின் பாதுகாப்பைச் சோதிக்க வேண்டிய இன்ஸ்பெக்டரோ 11 ஆண்டுகளில் ஒரு தடவைகூட அந்தப் படியை மிதிக்கவில்லை. செத்த கோழிக்கு இருந்த கவனிப்பு உயிருள்ள மனிதருக்கு இல்லை!

பூட்டுப் போட்டுக் கண்ட லாபம் என்ன? கம்பெனிக்கு 8 லட்சம் டாலருக்கு மேல் அபராதம். முதலாளிக்கு ஏறத்தாழ 20 ஆண்டு சிறை. ஆனால் ஐந்தாண்டு நிறையுமுன்பே வெளியே வந்துவிட்டார். ஆலை மறுபடி திறக்கவேயில்லை. உயிர் தப்பியவர்கள் வேலையை இழந்தார்கள்.

1992ல் மாநில சட்டசபை 14 புதிய பாதுகாப்புச் சட்டங்களை நிறைவேற்றியது. ஆபத்தைப் பற்றிப் புகார் செய்யும் தொழிலாளியைப் பழிவாங்கக் கூடாது என்றது. இன்ஸ்பெக்டர்களின் எண்ணிக்கையும் கூடியது. இதனால் கோழித் தொழில் அழிந்ததா? இல்லை! இன்றும் கோழி உற்பத்தியில் அமெரிக்காவின் முன்வரிசை மாநிலங்களில் வட கரோலினாவும் ஒன்று.

காரணம் எளிது. ஒரு முதலாளி கதவைத் திறந்து வைக்க, இன்னொருவர் பூட்டிக் காசு மிச்சம் பிடித்தால், பூட்டியவர் கை ஓங்கும். எல்லா ஆலைக்கும் ஒரே சட்டம், எல்லா ஆலையிலும் கண்டிப்பான சோதனை என்று வந்தால், உயிரைப் பணயம் வைத்துப் போட்டி போட முடியாது. ஆகவே, சட்டத்தைத் தளர்த்தினால்தான் தொழில் வளரும் என்ற பேச்சை நாம் ஏற்க முடியாது.

முப்பது ஆண்டு கழிந்த பிறகும் இதே கொடுமை நடந்தது. 2021 ஜூலை 8ல், வங்கதேசத்தின் ரூப்கஞ்சில், பழரசம் தயாரிக்கும் ஆலை தீப்பிடித்தது. 50க்கு மேற்பட்டோர் மடிந்தனர். அவர்களில் பலர் சிறுவர் சிறுமியர். அங்கும் மாடிப்படிக் கதவு பூட்டியிருந்தது.

தோழர்களே, நாளை வேலைக்குப் போகும்போது நம் ஆலையைச் சுற்றிப் பாருங்கள். வெளியேறும் வழிகள் எத்தனை? ஷிப்ட் நேரத்தில் எந்தக் கதவில் பூட்டுத் தொங்குகிறது? சாவி யாரிடம் இருக்கிறது? எழுதிக் கொண்டு சங்கத்துக்கு வாருங்கள். ஒருவர் தனியே கேட்டால் அவருடைய வேலை போகும். எல்லோரும் சேர்ந்து கேட்டால் பூட்டுப் போகும்.